கால்பந்து கிளப்பில் பிள்ளைகளைச் சேர்ப்பதும் நிலைக்க வைப்பதும்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

சின்ன கால்பந்து கிளப் நடத்துகிறவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி, "புதுப் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் வருகிறார்கள்?" பெரும்பாலும் சட்டென்று பதில் வராது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதையாக, ஒரு பக்கம் சேர்க்கிறோம், மறுபக்கம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் போஸ்டரைப் பிறகு பார்க்கலாம் என்கிறேன். முதலில் ஒரு நோட்டை எடுங்கள்.

படி 1: போனவர்களின் பெயரை எழுதுங்கள்

கடந்த இரண்டு வருஷத்தில் நின்றுபோனவர்கள் எல்லாருடைய பெயரும் வேண்டும். பக்கத்தில் மூன்றே மூன்று விவரம்: எந்த வயதில் சேர்ந்தான், எந்த மாதம் நின்றான், கடைசி மாதத்தில் எத்தனை மேட்ச் ஆடினான். இதை எழுதி முடித்தாலே ஒரு படம் தெரியத் தொடங்கும். சேர்ந்த முதல் மாதத்திலேயே நின்றவர்கள் அதிகம் என்றால் கோளாறு வரவேற்பில் இருக்கிறது. மேட்ச் எண்ணிக்கை பூஜ்யம், பூஜ்யம் என்று வந்தால் கோளாறு பெஞ்சில் இருக்கிறது. 13, 14 வயதில் கூட்டமாக நின்றிருந்தால் அது வேறு கதை, அதற்குப் பின்னால் வருவோம்.

அப்புறம் அந்தப் பட்டியலில் ஐந்து வீட்டுக்கு போன் செய்யுங்கள். "ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரும் "படிப்பு" என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காக. "கடைசியாக வந்த அன்று வீட்டுக்கு வந்து என்ன சொன்னான்?" என்று கேளுங்கள். ஒரு அம்மா எனக்கும் முதலில் படிப்பு என்றுதான் சொன்னார். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, "மூணு வாரமா ஜெர்சி போட்டுக்கிட்டு வந்தான் சார், ஒருநாள்கூட உள்ளே இறக்கலை. மூணாவது வாரம் அந்த ஜெர்சியைத் துவைக்கவே போடலை, மடிச்சு வச்சுட்டான்" என்றார். அழுக்கே படாத ஜெர்சி. அந்த ஒரு வாக்கியம் பல கூட்டங்களில் எனக்குக் கிடைக்காத பாடம்.

யார் என்ன சொன்னாலும் கிளப்புக்காக வாதாட வேண்டாம். கேட்டு, எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வையுங்கள்.

படி 2: ஆள் சேர்க்கும் முன் பாதுகாப்பு

இது சுருக்கமானது, ஆனால் விட்டுவிடக் கூடாதது. மைதானத்தில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் பெற்றோர் இருக்கும் குழுவில்தான். பயிற்சி தர வருகிறவரின் பின்னணியை விசாரித்த பிறகே பிள்ளைகளிடம் விட வேண்டும். வருகைப் பதிவேடு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், ஒவ்வாமை விவரம், முதலுதவிப் பெட்டி ஆகியவை கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். போட்டோ எடுப்பதற்கும் பெற்றோரின் அனுமதி வேண்டும்.

வார்ம்அப்பையும் இதிலேயே சேர்க்கிறேன். 7 முதல் 13 வயது வரையுள்ளவர்களுக்கென்றே 'ஃபிஃபா 11+ கிட்ஸ்' என்ற பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்குவது, சரியாக விழுவது போன்றவை, மொத்தம் 15, 20 நிமிடம். நான்கு ஐரோப்பிய நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் 48 சதவீதம் குறைவாக இருந்தன. அடிபட்டு வீட்டில் உட்காரும் பிள்ளை பல நேரம் திரும்பி வருவதில்லை. அதனால் இதுவும் ஆள் தங்க வைக்கும் வேலைதான்.

படி 3: எங்கே தேடுவது

முதல் இடம் உங்கள் மைதானத்தின் ஓரம். அண்ணன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு அம்மா பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் அந்தத் தங்கச்சிதான் அடுத்த வருஷத்து ஆட்டக்காரி. அவளிடம் ஒரு பந்தைக் கொடுங்கள். இரண்டாவது, இப்போது வரும் பிள்ளைகளின் நண்பர்கள். மாதம் ஒருநாள் "உன் தோழனை, தோழியைக் கூட்டிக்கொண்டு வா" என்று அறிவியுங்கள். தெரிந்த முகத்தோடு வரும் பிள்ளை முதல் நாளைத் தாண்டிவிடும். மூன்றாவது பள்ளிக்கூடம். விளையாட்டு ஆசிரியரைப் பார்த்து, அவருடைய வகுப்பு நேரத்திலேயே ஒருமணி நேரம் இலவசமாகப் பயிற்சி தருகிறேன் என்று கேளுங்கள்.

போஸ்டரும் போடலாம். வயது, கிழமை, நேரம், இடம், பேச வேண்டிய எண் ஆகியவற்றோடு இரண்டு வரி கட்டாயம்: "முன் அனுபவம் தேவையில்லை", "பூட்ஸ் இல்லாவிட்டாலும் வரலாம்". 'டிரையல்', 'செலக்ஷன்' என்ற சொற்கள் வேண்டாம். அதைப் படித்துவிட்டுத் தயங்கி நின்றுவிடும் பிள்ளைகளைத்தான் நாம் தேடுகிறோம். கோப்பையைத் தூக்கி நிற்கும் படத்தைவிட, சிரித்துக்கொண்டு பந்தைத் துரத்தும் சாதாரணப் பிள்ளைகளின் படம் நன்றாக வேலை செய்யும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக யோசியுங்கள். "எல்லாரும் வரலாம்" என்று எழுதினால் போதாது. முப்பது பையன்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக நிற்பது எவ்வளவு தைரியம் வேண்டிய காரியம்! நான்கைந்து பேரைச் சேர்ந்தாற்போல் அழையுங்கள். ஒரு பெண் பயிற்சியாளரோ உதவியாளரோ கூட இருக்கட்டும். பூட்டக்கூடிய கழிப்பறை இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், அது இல்லாமல் வேறு எது செய்தும் பயனில்லை.

படி 4: முதல் நாள்

பாதி வெற்றி இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

புதுப் பிள்ளை வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? கேட்டுக்கு வெளியே அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், தனக்கு யாரையும் தெரியாது. அந்தக் கேட்டில் ஓர் ஆள் நிற்க வேண்டும், பிள்ளையின் பெயர் தெரிந்த ஆள். "வா, உன் பேரு எனக்குத் தெரியும், இவன்தான் இன்னிக்கு உன் ஜோடி" என்று சொல்லி, ஏற்கெனவே விளையாடும் ஒரு பிள்ளையோடு சேர்த்துவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் காலில் பந்து பட்டுவிட வேண்டும். விதிமுறை, பீஸ், படிவம் எல்லாம் அப்பாவிடம் ஓரமாகப் பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது வரிசை. புதிதாகப் பயிற்சி தருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர், ஒரு பந்து, ஒருவருக்கு 15 நொடி என்றால் ஒரு முறை தொட்டவன் மறுபடி தொட மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒருமணி நேரம் இதையே செய்தாலும் இருபது தடவைதான். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு மணி நேரப் பயிற்சியை நான் இப்படிப் பிரிப்பேன். வர வர இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று ஆட விட்டுவிடுவது, பத்து நிமிடம். இதனால் தாமதமாக வருகிறவனும் உடனே உள்ளே போய்விடுவான். அப்புறம் வார்ம்அப். அடுத்து ஆளுக்கொரு பந்தோடு டிரிபிளிங் விளையாட்டு, அதாவது பந்தைக் காலாலேயே உருட்டிக்கொண்டு ஓடுவது, பத்து நிமிடம். மீதி நேரம் முழுக்கச் சின்னச் சின்ன மேட்ச். இது சின்னப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த விடும் விளையாட்டு அல்ல. ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து நாடு முழுக்க மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று, நான்கு சிறிய கோல்களோடு ஆடும் முறையையே கொண்டுவந்துவிட்டார்கள். ஆள் குறையக் குறைய ஒவ்வொரு காலிலும் பந்து அதிகம் படும். மறைந்து நிற்க இடம் இருக்காது.

பந்தின் அளவையும் பாருங்கள். சுமார் எட்டு வயது வரை 3ஆம் எண், அதற்கு மேல் பன்னிரண்டு வரை 4ஆம் எண், பிறகுதான் 5. பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை. ஏழு வயதுப் பிள்ளை அதை உதைத்தால் வலிக்கும், பந்தும் போகாது. தனக்கு ஆட்டம் வரவில்லை என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும்.

முடிந்து போகும்போது பெயர் சொல்லி வழியனுப்புங்கள். அன்று இரவே பெற்றோருக்கு ஒரு செய்தி, உண்மையிலேயே நடந்த ஒரு விஷயத்தோடு: "இன்று இடது காலால் ஒரு பாஸ் கொடுத்தாள், நாங்கள் எல்லாரும் பார்த்தோம்." பொதுவாக "நன்றாக விளையாடினாள்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும்.

படி 5: ஆட்ட நேரத்தைப் பங்கிடுங்கள்

அழுக்குப் படாத ஜெர்சிக்கு மருந்து இதுதான். ஏழு பேர் ஆடும் மேட்ச், 40 நிமிடம், உங்களிடம் பத்துப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 7 × 40 = 280 நிமிடம். பத்தால் வகுத்தால் ஆளுக்கு 28. மேட்சைப் பத்து பத்து நிமிடமாக நான்காகப் பிரித்தால் மொத்தம் 28 இடங்கள். எட்டுப் பேருக்கு மூன்று பங்கு, இரண்டு பேருக்கு இரண்டு பங்கு. அந்த இருவரின் பெயரை நோட்டில் வட்டமிட்டு, அடுத்த வாரம் அவர்களுக்கு மூன்று பங்கு கொடுங்கள். இந்த அட்டவணையை மேட்சுக்கு முந்தைய நாளே எழுதிவிடுங்கள். மைதானத்தில் நிற்கும்போது எழுதினால் ஸ்கோர் உங்கள் கையைப் பிடித்து எழுத வைக்கும்.

"தோற்றுவிட்டால்?" என்று கேட்பார்கள். தோற்கலாம். நார்வே நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இலேயே பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று விதிகள் வகுத்தது. அங்கே 11 வயதுக்கு முன் புள்ளிப்பட்டியலோ தரவரிசையோ கிடையாது. நார்வேயின் நட்சத்திர கோல்காரர் எர்லிங் ஹாலண்ட் அந்த முறையில் வளர்ந்த ஆட்டக்காரர்தான்.

இன்னொன்று, ஒன்பது வயதில் யார் கெட்டிக்காரன் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்த பிள்ளை, கடைசி மாதங்களில் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தது. உயரத்தையும் வேகத்தையும் பார்த்து அதைத் திறமை என்று நினைத்துவிடுகிறோம். ஹாரி கேனைச் சிறு வயதில் ஆர்சனல் அகாடமி வேண்டாம் என்று அனுப்பியது. இன்று இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஜேமி வார்டியைப் பதினாறு வயதில் கழித்துவிட்டார்கள். 2016இல் லெஸ்டர் சிட்டி கிளப்போடு இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் கோப்பையை வென்றார். இருவரையும் ஆட்டத்தில் வைத்திருந்தவை, அதன் பிறகும் அவர்களுக்கு இடம் கொடுத்த கிளப்புகள்தான்.

படி 6: பயிற்சியாளரின் வாய்ச்சொல்

1992இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மோல், பார்னெட் என்ற ஆய்வாளர்கள் சிறுவர் பேஸ்பால் அணிகளில் ஒரு விஷயத்தைச் சோதித்தார்கள். முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்தவனைத் தட்டிக்கொடுத்துத் திருத்துவது என்று சில பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த சீசனில் அவர்களின் பிள்ளைகளில் நின்றுபோனவர்கள் 5 சதவீதம். மற்ற பயிற்சியாளர்களிடம் 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. ஆட்டம் வேறாக இருந்தாலும் பிள்ளை மனசு ஒன்றுதான்.

செய்ய வேண்டியது இது. பாஸ் தவறினால் உடனே கத்தாதீர்கள், அடுத்த முறை பந்து வெளியே போகும்வரை பொறுங்கள். பக்கத்தில் போய், முடிந்தால் மண்டியிட்டு, "பாஸ் கொடுக்கணும்னு நினைச்சது சரி. காலைக் கொஞ்சம் திருப்பிப் பாரு" என்று சொல்லுங்கள். முதலில் சரியாகச் செய்தது, அப்புறம் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று.

படி 7: பெற்றோர்

சீசன் தொடங்கும் முன் ஒரு கூட்டம், அரைமணி நேரம். ஆட்ட நேரத்தை எப்படிப் பங்கிடுகிறோம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ஓரத்திலிருந்து "ஷூட் பண்ணு, பாஸ் பண்ணு" என்று சொல்ல வேண்டாம், கைதட்டலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீஸ் கட்ட முடியாதவர்கள் ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதும், வேறு யாருக்கும் தெரியாது என்று உறுதி கொடுங்கள். சிறிதாகிப்போன பூட்ஸ்களுக்கு ஒரு அலமாரி வையுங்கள். ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துப் போகலாம், ஒன்றும் வைக்காமலும் எடுக்கலாம்.

படி 8: பதிமூன்று முதல் பதினைந்து

பெரிய மைதானம், பெரிய கோல், பதினொரு பேர் ஆட்டம், தேர்வு, டியூஷன், உடம்பு வேகமாக வளர்வதால் முழங்காலிலும் குதிகாலிலும் வலி எல்லாம் சேர்ந்து வரும் வயது. நேற்றுவரை நன்றாக ஓடியவன் திடீரென்று தடுமாறுவான். அது சோம்பல் அல்ல, நீண்டுவிட்ட கால்களுக்கு அவன் மறுபடி பழக வேண்டும். அதை அவனிடமே சொல்லுங்கள், நிம்மதியாகிவிடுவான்.

வாரம் மூன்று நாள் வர முடியாதவனுக்கு ஒருநாள் வழி வையுங்கள். தேர்வு மாதத்தில் விடுப்பு கொடுத்து, திரும்பி வரும் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். போட்டி அணியில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஜாலியாக ஆட ஒரு குழு வேண்டும். சின்னவர்கள் மேட்சுக்கு நடுவராக விசில் ஊதுவது, பயிற்சியில் உதவுவது ஆகியவற்றை இவர்களிடம் ஒப்படையுங்கள். ஏழு வயதுப் பிள்ளை "அண்ணா" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்ட பிறகு, கிளப்பை விட்டுப் போக எளிதில் மனசு வராது.

தொடர்ந்து இரண்டு பயிற்சிக்கு வராவிட்டால் மூன்றாவதற்குள் போன் போக வேண்டும். திட்ட அல்ல. "நேத்து உன்னைத் தேடினோம்" என்று சொல்ல மட்டும்.

படி 9: போகும்போது

எவ்வளவு செய்தாலும் சிலர் போவார்கள். நன்றாக அனுப்புங்கள். பெரிய கிளப்புக்குப் போகிறவனின் பதிவுப் படிவம், தேதிகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு மாறும்போது, அவரை வாங்கும் கிளப் தரும் மாற்றுத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும்போது தாள் இல்லாத கிளப்புக்கு எதுவும் வராது.

ஆட்டத்தையே விட்டுப் போகிறவளிடம், அடுத்த சீசன் தொடங்கும் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படி 1இல் எடுத்த அதே நோட்டில் அவள் பெயருக்கு எதிரேயும் அந்தத் தேதியை எழுதி வையுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு அந்த வீட்டுக்கு நீங்கள்தான் போன் செய்ய வேண்டும்.