மன்னிப்பையும் துதியையும் பிரிக்காமல் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எப்படி?

கடவுளின் மன்னிப்பை ஒரு வாரமும் துதியை மறுவாரமுமாகத் தனித்தனிப் பாடங்களாக வைக்காதீர்கள். ஞாயிறு பள்ளியில் சிறுவர் வகுப்பெடுக்கும் நான் உடன் ஆசிரியர்களிடம் விடாமல் சொல்வது இதுதான். பிரித்து வைத்தால் பிள்ளைகளுக்கு மன்னிப்பு பயமுறுத்தும் பாடமாகிவிடும். துதி வெறும் கைதட்டலாகிவிடும். வேதாகமத்தின் பாடல் தொகுப்பில் வரும் 32ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். மொத்தம் 11 வசனங்கள்தான். பாவத்தை அடக்கிவைத்திருந்தபோது எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறவர், அறிக்கையிட்டேன், மன்னித்தீர் என்று தொடர்ந்து, கடைசி வசனத்தில் எல்லாரையும் களிகூர அழைக்கிறார். பாடத்தையும் இந்த வரிசையில் அமைத்துக்கொள்ளுங்கள்.

கதைக்கு லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகனை எடுங்கள்: தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, தகப்பனிடம் திரும்புகிறவன். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். ஆனாலும் பெரும்பாலான வகுப்புகள் பன்றிகளிடம் நீண்ட நேரம் நின்றுவிட்டு, வீட்டு வாசலை அவசரமாகக் கடந்துவிடுகின்றன. நீங்கள் வாசலில் நில்லுங்கள். ஓர் அட்டையில் மூன்று வரிகள் எழுதி இளைய மகனாக நடிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள்: ‘பாவம் செய்தேன்’, ‘உம்முடைய மகன் எனப்பட நான் தகுதியற்றவன்’, ‘என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்’. ஊர் திரும்புமுன் அவன் மனதில் தயார் செய்துகொண்ட பேச்சு இது. தகப்பனாக நடிப்பவர் தூரத்திலிருந்து ஓடிவந்து கட்டியணைக்க வேண்டும். மகன் இரண்டாவது வரியை முடித்ததும், ‘உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவாருங்கள்!’ என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்றாவது வரி அட்டையிலேயே நின்றுவிடும். பிறகு 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லி, அவன் சொல்லாமல் விட்டது எது என்று கேளுங்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும். வேலைக்காரனாகச் சேர வந்தவன் மகனாகவே உள்ளே போனான் என்பதை ஒரு பிள்ளை தன் வாயால் சொல்லும்போது, நீங்கள் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது 25ஆம் வசனம். வயலிலிருந்து வரும் மூத்த மகன் வீட்டை நெருங்கும்போது பாட்டும் நடனமும் அவன் காதில் விழுகின்றன. ஒரு பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்துங்கள். மற்றவர்கள் உள்ளே பாடட்டும், தாளம் போடட்டும், ஆடட்டும். வெளியே நின்றவரிடம் என்ன கேட்டது என்று விசாரியுங்கள். மன்னிப்புக் கிடைத்த வீட்டிலிருந்து எழும் அந்தச் சத்தத்தில்தான் ஆலயத்தில் நாம் பாடும் பாட்டும் சேர்கிறது என்று இங்கே சொல்லிக்கொடுங்கள். கோபித்துக்கொண்டு உள்ளே வர மறுத்த மூத்த மகன் கடைசியில் உள்ளே போனானா என்று கட்டாயம் கேட்பார்கள். இயேசு அதைச் சொல்லாமல் விட்டார். நீங்களும் முடிவைக் கட்டிச் சொல்லாதீர்கள்.

இனி வகுப்பு ஆராதனை. பல சபைகளின் ஆராதனை முறையில் பாவ அறிக்கையும் மன்னிப்பின் அறிவிப்பும் உண்டு. அதையே சிறியதாகச் செய்யுங்கள். முதலில் சிறிது நேரம் மௌனம். ‘யாரையாவது விளையாட்டில் சேர்க்காமல் விட்டோமா? பொய் சொல்லித் தப்பித்தோமா?’ என்று ஓரிரு கேள்விகள் போதும். பிள்ளைகள் மனதுக்குள் கடவுளிடம் மட்டும் சொல்லட்டும். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று குற்றத்தைச் சொல்ல வைப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அப்போது பிள்ளை பேசுவது கடவுளிடம் அல்ல, தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களிடம். மௌனம் முடிந்ததும், பாவங்களை அறிக்கையிட்டால் கடவுள் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9ஐ அவர்கள் முகத்தைப் பார்த்து வாசியுங்கள். ‘கடவுள் உன்னை மன்னித்தார்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடனே பாடல். நடுவில் அறிவிப்போ, வருகைப் பதிவோ, காணிக்கைப் பையோ வரக்கூடாது.

பாடும்போது ‘சிரி, கைதட்டு’ என்று யாரையும் அதட்டாதீர்கள். சில பிள்ளைகளின் சந்தோஷம் அமைதியானது. வீட்டில் துக்கம் உள்ள பிள்ளையும் வந்திருக்கலாம். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் வேதவசனம் கேட்டு ஜனங்கள் அழுதார்கள். அவர்களிடம், போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள் என்று சொல்லப்பட்டது. பாடாத பிள்ளைக்குத் தின்பண்டம் பகிர்ந்துகொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அதுவும் அன்றைய கொண்டாட்டத்தில் அடக்கம்.

பாவம் நீங்குவதைக் காட்ட, கறுப்பு இதயம் வெள்ளையாகும் அட்டைகளை நான் எடுப்பதில்லை. நிறத்துக்காகக் கேலி செய்யப்படும் பிள்ளை உங்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஏசாயா 1:18இல் பாவத்தின் நிறம் சிவப்பு. நிறம் தேவைப்பட்டால் அதை எடுங்கள்.

ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். மன்னிப்பது என்றால், துன்புறுத்தியவரைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது என்று எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளக் கூடாது. பெரியவர் யாராவது காயப்படுத்தினால் நம்பிக்கையான இன்னொரு பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதை அதே பாடத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சண்டையிட்ட இருவரையும் அந்த நிமிடமே கட்டிப்பிடிக்க வைக்கவும் வேண்டாம். வரி வசூலிப்பவனான சகேயு இயேசுவைச் சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டான். அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். உடைத்த பொம்மையை ஒட்டிக்கொடுப்பது பிள்ளைக்குப் புரியும் திருப்பித் தருதல்.

மனப்பாட வசனத்துக்குச் சங்கீதம் 103:12 வையுங்கள்: மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரமாக நம் பாவங்களை அவர் நம்மைவிட்டு விலக்கினார் என்பது அது. அறையில் கிழக்கு எது, மேற்கு எது என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல்லி, பாதிப் பேரைக் கிழக்கே பார்த்தும் பாதிப் பேரை மேற்கே பார்த்தும் நிறுத்தி, ஆளுக்கொரு பாதியாகச் சொல்லவையுங்கள்.

‘மறுபடியும் அதே தப்பைச் செய்தால்?’ என்று யாராவது கேட்டால் மகிழுங்கள். இயேசுவின் சீடர் பேதுருவும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்: என் சகோதரனை ஏழுதரம் மன்னிக்க வேண்டுமா? ஏழெழுபதுதரம், அதாவது ஏழு எழுபது தடவை, என்றார் இயேசு. நம்மிடமே அவ்வளவு கேட்பவர் நம்மை மன்னிக்கக் கணக்குப் பார்க்கமாட்டார் என்று பதில் சொல்லுங்கள். அந்த உரையாடலைத் தொடர்ந்து மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வரும் பதினாயிரம் தாலந்து (அடைக்கவே முடியாத பெருந்தொகை) கடன்காரன் கதையை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.