"இந்தப் பிரிவினரிடம்தான் உடல் பருமன் அதிகம்" என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

முதலில், எடையை எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். எடை மெஷினில் ஏற்றிப் பார்த்த கணக்கு வேறு, போனில் கேட்டு எழுதிக்கொண்ட கணக்கு வேறு. கேட்டால் பலரும் எடையைக் குறைத்தும் உயரத்தைக் கூட்டியும்தான் சொல்கிறார்கள். பி.எம்.ஐ. என்பது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்; உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது 30 அல்லது அதற்கு மேல் என்றால் உடல் பருமன். 165 செ.மீ. உயரம், 82 கிலோ எடை என்றால் பி.எம்.ஐ. 30.1, அதாவது உடல் பருமன். அதே ஆள் 167 செ.மீ., 80 கிலோ என்று சொல்லிவிட்டால் 28.7, பருமன் பட்டியலிலேயே வரமாட்டார்! ஒரு பிரிவினர் மட்டும் மற்றவர்களைவிட அதிகமாக இப்படி மாற்றிச் சொன்னால், பிரிவுகளுக்கு இடையே தெரியும் வித்தியாசமே பொய்யாகிவிடும்.

அப்புறம் வயது. படித்தவர்கள் பிரிவில் இளைஞர்கள் அதிகம் இருந்தால் எடை குறைவாகத் தெரிவது படிப்பால் அல்ல, வயதால் இருக்கலாம். வயது வித்தியாசத்தைச் சரிசெய்த எண்ணா என்று தேடுங்கள்.

ஆண், பெண் கணக்கு தனித்தனியாக இல்லையென்றால் நான் அந்தச் செய்தியை அதிகம் நம்பமாட்டேன். பணக்கார நாடுகளில் வசதி குறைந்த பெண்களிடம் பருமன் அதிகம், ஆண்களிடம் அவ்வளவு தெளிவான போக்கு இல்லை, ஏழை நாடுகளில் வசதியானவர்களிடம்தான் அதிகம் என்று 1989-லேயே ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. நாடு வளர வளர இந்தச் சுமை ஏழைகள் பக்கம் சாய்கிறது, அதுவும் பெண்களிடம் முதலில்.

சரி, வித்தியாசம் குறைந்ததா கூடியதா? ஓர் உதாரணம்: ஒரு பிரிவில் 10 சதவீதம் 20 ஆகிறது, இன்னொன்றில் 20 சதவீதம் 32 ஆகிறது. இரண்டு மடங்காக இருந்தது 1.6 மடங்காகிவிட்டது, ஆனால் இடைவெளி 10-லிருந்து 12 புள்ளியாகக் கூடிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லும் தலைப்பு பாதிக் கதைதான்.

காரணத்தைச் சோம்பல் என்று முடித்துவிடாதீர்கள், இதில் எனக்குக் கோபமே வரும். இரவு வேலை, தூக்கக் குறைவு, சமைக்க நேரமின்மை, நடக்கப் பாதுகாப்பான இடமின்மை எல்லாம் எடையைக் கூட்டும். எதிர்த்திசையிலும் நடக்கிறது: எடை கூடியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலையும் சம்பளமும் குறைகின்றன. இந்தச் செய்தியைப் பகிர்வதாக இருந்தால் எந்த வயது, ஆணா பெண்ணா, அளந்ததா கேட்டதா என்பதையும் கூடவே எழுதுங்கள்.