சித்திரையில் பார்த்த மண்ணை நம்பாதீங்க

என் மச்சான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயலை ஒட்டி வீடு கட்டினப்ப, செப்டிக் டேங்குலேருந்து வர்ற தண்ணியை மண்ணுக்குள்ள இறக்குற உறிஞ்சு குழியைப் போட்டுக் கொடுத்த கொத்தனார் நான்தான். சித்திரை மாசம். ரெண்டு குடம் தண்ணி ஊத்தினோம், வெத்தலை மடிக்கிற நேரத்துல காணாமப் போச்சு. "மண்ணு நல்லா இழுக்குது மச்சான்"னு சொல்லி உறையை இறக்கிட்டேன். கார்த்திகையில போன் வந்துது. கக்கூஸ்ல ஊத்துற தண்ணி திரும்பி மேலேயே வருதாம்.

தண்ணியை இழுத்தது மண்ணு இல்லை, வெடிப்பு. களிமண் கோடையில கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். மழை பட்டதும் ஊதி மூடிக்கும். அதனால மண் பார்க்க ஐப்பசி, கார்த்திகைதான் சரியான காலம்.

அவசரம்னா பக்கத்து வீட்டுக் கிணத்து உறையில மழைக்காலத் தண்ணி விட்டுப்போன கோடு எங்க இருக்குன்னு பாருங்க. ஆறடிக்கு ஒரு குழி வெட்டிச் சுவரையும் பாருங்க: சாம்பல் மண்ணுல துருப் பிடிச்ச மாதிரி புள்ளிகள் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் வருஷா வருஷம் தண்ணி ஏறி நிக்குதுன்னு அர்த்தம். உறிஞ்சு குழியோட அடிக்கும் அந்த மட்டத்துக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் வேணும். காவிரித் தண்ணி கடைசியா வந்து சேருற எங்க கடைமடையில அது கிடைக்கிறது அபூர்வம்.

மனையை உசத்த மேல கொட்டின சவுடு மண்ணைச் சோதிச்சுப் பிரயோஜனமில்லை. அதுக்குக் கீழே இருக்கிற பழைய வயல் மண்ணை ஈரமாக்கி விரலால அழுத்தி நாடா மாதிரி தள்ளுங்க. ரெண்டு அங்குலம் அறுந்துபோகாம நீண்டா அது கெட்டிக் களி, தண்ணி லேசுல இறங்காது.

அப்புறம் தண்ணிச் சோதனை. கழிவுநீர் இறங்கப்போற ஆழத்துக்கு, கடப்பாரையால நாலிலிருந்து பன்னிரண்டு அங்குல அகலத்துல குழி போட்டு, கொட்டாங்குச்சியால மண்ணை அள்ளுங்க. கடப்பாரை உரசின இடம் வழவழன்னு ஆகிடும். ஆணியால கீறி விடுங்க, இல்லைன்னா கணக்கு தப்பும். அடியில ரெண்டு அங்குலம் பெருமணல், மேல ஒரு அடி தண்ணி, ராத்திரி முழுக்க ஊறட்டும். வெடிச்ச களின்னா நான் மூணு நாள் ஊற விடுவேன். மறுநாள் மணலுக்கு மேல ஆறு அங்குலம் தண்ணி வெச்சு, ஈர்க்குல அடையாளம் போட்டு அரை மணி நேரம் பாருங்க. ராத்திரி ஊத்தினது முழுக்க வத்தியிருந்தா, அரை மணிக்கு ஒருதரம் நிரப்பி நாலு மணி நேரம் பார்த்து, கடைசி அளவை எடுத்துக்கங்க.

ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம்? செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 கணக்குப்படி 30-க்குள்ளேன்னா உறிஞ்சு குழி போதும். 30-லிருந்து 60 வரைன்னா நீளமா வாய்க்கால் மாதிரி வெட்டி ஜல்லி போட்டுப் பரப்பணும். 60-ஐத் தாண்டினா மண்ணை நம்பவே கூடாது. நிலத்தடி நீர் தரையிலேருந்து 1.8 மீட்டருக்குள்ள இருந்தா, வாய்க்காலை மேடு கட்டி அதுக்குள்ள வைக்கணும்.

வேகமா இறங்கினா நல்லதுன்னு நினைக்காதீங்க. கொள்ளிடக்கரைப் படுகையிலயும் வேதாரண்யம் மணல்லயும் கழிவு சரியா வடிகட்டாமலே கிணத்துக்குப் போயிடும். குடிதண்ணிக் கிணறு, அடிபம்புலேருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணும்.

மச்சான் வீட்டுல அளந்தப்ப ஒன்றரை மணி நேரமாகியும் ஒரு அங்குலம் இறங்கலை. குழியைத் தூர்த்துட்டு, தண்ணி அடியிலேருந்து மேல ஏறி வர்ற மாதிரி ஜல்லித் தொட்டி கட்டி, வர்ற தண்ணியைக் கல்வாழைப் பாத்திக்கு விட்டோம். அந்தச் செலவுல பாதி என் கைக்காசு.