முகத்துவாரத் தண்ணீருக்கு எந்த நிற ஃப்ளை?

ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் முடியும் இழையும் கட்டிச் செய்யும் போலி இரை. ஃப்ளை பெட்டியைத் திறப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ கொடுவா மீனுக்குப் போகிறவர்களில் பலர் நிறத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். ஏற்றத்தில் உள்ளே வருவது கடல் தண்ணீர், வற்றத்தில் வெளியே போவது உப்பங்கழித் தண்ணீர். காலையில் எடுபட்ட நிறம் மதியம் எடுபடாமல் போவது இதனால்தான்.

தெளிவை அளக்கக் கருவி வேண்டாம். வெள்ளை ஃப்ளை ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி நேராகக் கீழே இறக்குங்கள். ஒரு சாணுக்குள் கண்ணுக்கு மறைந்தால் கலங்கல். இரண்டு முழம் தாண்டியும் தெரிந்தால் தெளிவு. இடையில் உள்ளதெல்லாம் நடுத்தரம், பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் இருக்கும்.

தெளிந்த தண்ணீரில் இரையின் சாயலே போதும். மடவைக் குஞ்சுக்கு முதுகு சாம்பல் கலந்த பச்சை, வயிறு வெள்ளி. அதனால் மேலே ஆலிவ், கீழே வெள்ளை. மினுக்கு இழை இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். இறால் ஃப்ளையைச் சிவப்பில் கட்டுகிறவர்கள் குழம்புச் சட்டியில்தான் இறாலைப் பார்த்திருக்க வேண்டும். உயிருள்ள கழி இறால் கண்ணாடி போல, இளம்பழுப்பு ஓடியிருக்கும்.

நடுத்தரத் தண்ணீருக்குச் சார்ட்ரூஸும் வெள்ளையும். எலுமிச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவே கண்ணைப் பறிக்கும் நிறம் அது. அமெரிக்காவில் பாப் க்ளவுசர் 1980களில் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்காக உருவாக்கிய க்ளவுசர் மின்னோ என்ற ஃப்ளை இந்த ஜோடியில்தான் உலகமெங்கும் கட்டப்படுகிறது. கொடுவாவுக்கு 1/0 அளவுத் தூண்டில் முள் சரி. முடிக்கற்றை தீக்குச்சி கனம், நீளம் முள் தண்டைப் போல இரண்டரை மடங்கு, மினுக்கு ஆறு முதல் எட்டு இழை. மினுக்குக்குப் பாலியெஸ்டர் ஜரிகை நூலும் உதவும். கற்றை தடித்தால் ஃப்ளை இறங்காது, ஒளியும் ஊடுருவாது. எந்த நிறமானாலும் ஒரே கட்டையாகத்தான் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கழி தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். சேறும் இலைச்சாறும் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடுகின்றன. ஆரஞ்சும் செம்பும் சற்று தூரம் போகும். தெளிந்த கடலில் இதற்கு நேர்மாறு: அங்கே சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு கருத்துவிடும். ஆனால் கலங்கலுக்கு முதல் தேர்வு கறுப்புதான். கொடுவா பெரும்பாலும் கீழிருந்து மேலே பார்த்து அடிக்கும் மீன். வெளிச்சமான வானத்தின் பின்னணியில் அதற்குத் தெரிவது உருவரை மட்டுமே, அதைக் கறுப்பு போல வேறெதுவும் காட்டாது. விடியலுக்கு முன்பும் இரவிலும் இதே கணக்கு.

ஒளிர் நிறத்தில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில். ஃப்ளூரசன்ட் சாயம் தானாக ஒளிராது. பகலில் வெயிலின் புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கித்தான் பளிச்சிடும், கும்மிருட்டில் அது பளிச்சிடாது. சாயம் உண்மையிலேயே ஃப்ளூரசன்ட்தானா என்று கள்ளநோட்டு பார்க்கும் யூவி விளக்கில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த ஃப்ளையின் நிறத்தையும் காய்ந்த நிலையில் எடை போடாதீர்கள். நனைந்தால் முடி ஒரு படி கருக்கும், வெளிர்பழுப்பு அடர்பழுப்பாகிவிடும். கண்ணாடிக் குவளையில் அந்த இடத்துத் தண்ணீரையே மொண்டு, ஃப்ளையைப் போட்டு, வானத்துக்கு நேராகத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள்.

இருபது வீச்சுக்கு ஒன்றும் தொடவில்லையென்றால் உடனே நிறத்தை மாற்றத் தோன்றும். அது கடைசி. முதலில் ஆழம், பிறகு இழுக்கும் வேகம், அப்புறம் ஃப்ளையின் அளவு. மீன் பின்னாலேயே வந்து கடைசியில் திரும்பிப் போனால் மட்டும் விதிவிலக்கு: ஃப்ளையை அது பார்த்துவிட்டது, பிடிக்கவில்லை. ஒரு அளவு சிறிதாக, மினுக்கு குறைவாக, மங்கலான நிறத்தில் மாற்றுங்கள். மீன் தலையே காட்டவில்லையென்றால் இதற்கு நேர்மாறாக, அழுத்தமான நிறத்தைக் கட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பெட்டியை மூடினால் முள்ளின் துரு ஏறி வெள்ளை முடி காவியாகிவிடும்; வெயிலில் போட்டால் ஒளிர்சாயம் வெளுக்கும்.