சைக்கிளில் 1500 வாட் ஹப் மோட்டார் மாட்டுவது எப்படி?

ஹப் மோட்டார் என்றால் சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார். நான் முதன்முதலாக 1500 வாட் மோட்டார் மாட்டிய சைக்கிள் 40 நிமிடம்தான் ஓடியது. ஓர் ஏற்றத்தின் அடியில் நின்று த்ராட்டிலை முழுசாகத் திருகினேன். பின்பக்கம் "டக்" என்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், அச்சு தான் உட்கார்ந்திருந்த பள்ளத்தின் வாயைப் பிளந்துகொண்டு உள்ளேயே சுழன்றிருந்தது. அச்சின் ஓட்டை வழியாக வெளியே வரும் கேபிள் அதோடு சுற்றிக்கொண்டு, பிழிந்த துணி மாதிரி முறுகிக் கிடந்தது. சக்கரத்தைக் கையால் தள்ளினால் பிரேக் பிடித்தது போல இழுத்தது. உள்ளே போகும் மூன்று தடித்த கம்பிகளும் தோல் உரிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

மோட்டாரில் குறை இல்லை. அச்சைப் பிடித்து நிறுத்தும் ஓர் இரும்புத் துண்டை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டது என் தப்பு. அதனால் இந்த விளக்கத்தில் மோட்டாரைவிட அந்த இரும்புத் துண்டைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

படி 1: எத்தனை வாட் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே மோட்டாரை ஒருவர் 1000 வாட் என்பார், இன்னொருவர் 1500 என்பார். உண்மையில் எவ்வளவு பவர் போகிறது என்பதைத் தீர்மானிப்பது பேட்டரியின் வோல்ட்டும், கன்ட்ரோலர் (பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே கரண்டை அளந்து விடும் பெட்டி) விடும் ஆம்ப்பும். இரண்டையும் பெருக்கினால் வாட். 48 வோல்ட் பேட்டரி, 30 ஆம்ப் கன்ட்ரோலர் என்றால் 1440 வாட். இது பேட்டரியிலிருந்து இழுக்கும் அளவு. இதில் ஒரு பங்கு சூடாகப் போய், மிச்சம்தான் சக்கரத்துக்கு வரும்.

இந்த யோசனை புதிதல்ல. பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைத்த சைக்கிளுக்கு ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 10 வோல்ட்டில் 100 ஆம்ப் வரை இழுக்கும் மோட்டார் அது. கணக்குப்படி 1000 வாட்! அந்தக் காலத்துக் கம்பிகளில் 100 ஆம்ப் ஓடினால் என்ன சூடு கிளம்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்று நாம் வோல்ட்டைக் கூட்டி ஆம்ப்பைக் குறைத்து அதே வாட்டை எடுப்பது இந்தச் சூட்டுக்குப் பயந்துதான். ஆம்ப் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நான்கு மடங்காகும்.

வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருந்தால்தான் அது சைக்கிள். அமெரிக்க மத்திய சட்டத்தில் வரம்பு 750 வாட். 1500 வாட் இரண்டையும் தாண்டுகிறது. பொதுச் சாலையில் ஓட்டப் பதிவும் உரிமமும் தேவைப்படலாம், அல்லது சொந்த நிலத்தில் மட்டும் ஓட்ட வேண்டியிருக்கும்.

படி 2: எந்த வகை மோட்டார்

ஹப் மோட்டாரில் இரண்டு சாதி. ஒன்று உள்ளே பல்சக்கரம் வைத்தது: சின்னது, எடை குறைவு, ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், மிதிக்கும்போது தடையே தெரியாது. இன்னொன்று டைரக்ட் டிரைவ்: பல்சக்கரமே கிடையாது, காந்தம் பதித்த வெளிக்கூடு அப்படியே சுற்றும். எடை 6, 7 கிலோ வரை போகும். ஆனால் தேய்வதற்கு உள்ளே பேரிங்கைத் தவிர ஒன்றும் இல்லை, சத்தமும் குறைவு. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பவும் முடியும்.

முதல் முறை பெரிய பவர் மாட்டுகிறவர்களுக்கு டைரக்ட் டிரைவைத்தான் சொல்வேன். பல்சக்கர மோட்டாரில் ஆம்ப்பைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் உயிரை விடுவது உள்ளே இருக்கும் நைலான் பற்கள்.

கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று? 10 என்றால் 48 வோல்ட்டில் நிமிடத்துக்கு 480 சுற்று. 26 அங்குல டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வரும். ஆள் ஏறி உட்கார்ந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அது 45-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஏற்றம் நிறைந்த பாதை என்றால் சுற்று குறைந்த மோட்டாரை எடுங்கள். வேகத்துக்குக் கட்டிய மோட்டாரை ஏற்றத்தில் திணறவிட்டால் பவரின் பெரும்பங்கு சூடாகத்தான் போகும்.

படி 3: ஃபிரேம் தாங்குமா?

அச்சு உட்காரும் அந்தப் பள்ளத்துக்கு டிராப்அவுட் என்று பெயர். பின்பக்கம் இரண்டு டிராப்அவுட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள், பெரும்பாலான மோட்டார்கள் 135 மில்லிமீட்டருக்குச் செய்யப்பட்டவை. மோட்டார் அச்சு உருண்டையாக இருக்காது. 12 அல்லது 14 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டருக்குத் தட்டையாகச் சீவியிருக்கும். அந்தத் தட்டைதான் பள்ளத்துக்குள் நுழையும்.

எஃகு ஃபிரேம் என்றால் நல்லது. அலுமினியம் என்றால் டிராப்அவுட் தடிப்பாக இருக்க வேண்டும். எஃகு வளைந்து எச்சரிக்கும், அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். கார்பன் ஃபிரேமில் இந்த வேலையே வேண்டாம். முன் ஃபோர்க்கில் மாட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கும் அதே பதில்தான்: இந்தப் பவருக்குக் கூடாது. பின்பக்கம் அச்சு கழன்றால் வண்டி நிற்கும், முன்பக்கம் கழன்றால் நீங்கள் கீழே கிடப்பீர்கள்.

பிரேக் டிஸ்க்காக இருக்கட்டும், முன்னும் பின்னும். எடை கூடிய வண்டி மணிக்கு 45 கிலோமீட்டரில் வரும்போது பழைய ரப்பர் கட்டைகளை நம்பி இறக்கத்தில் போக முடியாது.

படி 4: பேட்டரி

48 வோல்ட் என்று விற்பது 13 லித்தியம் செல்களை வரிசையாகக் கோர்த்தது. முழுசாக ஏறினால் 54.6 வோல்ட் காட்டும், 39-ஐ ஒட்டி இறங்கும்போது தீர்ந்தது என்று அர்த்தம். 54.6-க்கு மேல் தரும் சார்ஜரை இதில் சொருகவே கூடாது.

ஆம்ப்-அவரை, அதாவது பேட்டரியின் கொள்ளளவை, மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை, அதாவது பி.எம்.எஸ்., தொடர்ந்து எத்தனை ஆம்ப் விடும் என்று பாருங்கள். 30 ஆம்ப் கன்ட்ரோலருக்கு 40 ஆம்ப் பலகை வைத்தால் நிம்மதி. 20 ஆம்ப் பலகை என்றால் ஏற்றத்தின் நடுவில் சட்டென்று அணைந்துவிடும்.

48 வோல்ட்டில் 15 ஆம்ப்-அவர் என்றால் 720 வாட்-அவர். நிதானமாக மிதித்துக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்கு 12 வாட்-அவர் போதும், 60 கிலோமீட்டர் வரை வரும். த்ராட்டிலை இறுக்கிப் பிடித்துப் பறந்தால் 25-ஐத் தொடும், 30 கிலோமீட்டர்கூட வராது.

படி 5: சக்கரத்தை மாட்டுவது (இங்கே அவசரம் கூடாது)

மோட்டார் சக்கரத்தை எவ்வளவு பலமாக முன்னே திருப்புகிறதோ, அதே பலத்தில் அச்சைப் பின்னே திருப்பப் பார்க்கும். சாதாரண சைக்கிளில் அச்சுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது சும்மா எடையைத் தாங்கினால் போதும். 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்குவது வெறும் 10 மில்லிமீட்டர் அகலத் தட்டை. 100-ஐ 0.01-ஆல் வகுத்தால் 10,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடை டிராப்அவுட்டின் உள் விளிம்பில் அழுத்துகிறது. என் பள்ளம் வாய் பிளந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதற்குத்தான் டார்க் ஆர்ம். தடித்த எஃகுப் பட்டை, ஒரு முனையில் அச்சின் தட்டைக்குச் சரியாகப் பொருந்தும் ஓட்டை, மறுமுனையை ஃபிரேமில் பிணைக்க வேண்டும். பட்டை 10 சென்டிமீட்டர் நீளம் என்றால் அதே 100 நியூட்டன் மீட்டர் மறுமுனையில் 1000 நியூட்டனாகக் குறைந்துவிடும். ஒரு டன் 100 கிலோ ஆகிவிட்டது. ஃபிரேம் அதைத் தாராளமாகத் தாங்கும்.

மாட்டும் வரிசை: டயரை மாற்றிச் சக்கரத்தைப் பள்ளத்தில் அடி வரை இறக்குங்கள். அச்சு பள்ளத்தின் அடியைத் தொட வேண்டும், பாதியில் தொங்கக் கூடாது. கேபிள் வெளிவரும் ஓட்டை கீழே பார்த்தபடி இருக்கட்டும், மேலே பார்த்தால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நேராக மோட்டாருக்குள் இறங்கும். கேபிளையும் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றுங்கள். அடுத்து டார்க் ஆர்ம், வாஷர், நட்.

டார்க் ஆர்மைப் பிணைக்கும் முன் ஒரு காரியம். அதற்கும் அச்சுக்கும் நடுவே துளி ஆட்டம் இருக்கும். சக்கரம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் அச்சைத் திருப்பி, அது ஆர்மில் முட்டி நிற்கும்படி வைத்துக்கொண்டு முறுக்குங்கள். ஆட்டத்தை விட்டுவைத்தால் ஒவ்வொரு முறை த்ராட்டில் கொடுக்கும்போதும் அச்சு சுத்தியல் மாதிரி இடிக்கும். கரண்டைத் திருப்பி அனுப்பும் பிரேக் வைத்தால் இரண்டு திசையிலும் இடிக்கும். இந்தப் பவருக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு ஆர்ம் போடுங்கள். நட்டை 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கலாம். அச்சு உள்ளே குடைந்தது, அதற்கு மேல் பலம் காட்டினால் மரை போய்விடும்.

படி 6: வயரிங்

கன்ட்ரோலரைக் காற்று படும் இடத்தில் வையுங்கள், பையில் சுருட்டி வைக்க வேண்டாம். மோட்டாரிலிருந்து மூன்று தடித்த கம்பிகள் வரும்: மஞ்சள், பச்சை, நீலம். கூடவே ஐந்து மெல்லிய கம்பிகள், சுற்றும் காந்தம் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாருக்கு: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், மிச்சம் மூன்றும் அதே மஞ்சள், பச்சை, நீலம். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பிரேக் லீவரில் வரும் கட்-ஆஃப் ஒயரைச் சிலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், த்ராட்டில் சிக்கிக்கொண்டால் மோட்டாரை நிறுத்த அது ஒன்றுதான் கைக்கு எட்டும்.

பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே 40 ஆம்ப் ஃபியூஸ். கார் ஃபியூஸ் கையில் இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 32 வோல்ட்டுக்குச் செய்தவை, 54 வோல்ட்டில் எரிந்த பிறகும் உள்ளே தீப்பொறி பாலம் கட்டி நிற்கலாம்.

கடைசியாகப் பேட்டரியைச் சொருகும்போது "பட்" என்று நீலப் பொறி பறக்கும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் கரண்டை உறிஞ்சுவதால் வருவது அது. ஒவ்வொரு முறையும் இப்படிப் பொறித்தால் கனெக்டர் கரிந்துபோகும். பொறி வராத எக்ஸ்.டி. 90 எஸ் வகைக் கனெக்டர் போட்டால் தொல்லை விட்டது.

படி 7: அந்தரத்தில் சோதனை

சக்கரம் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் ஏற்றி, த்ராட்டிலைத் துளியூண்டு திருகுங்கள். வழுவழுவென்று சுற்றினால் சரி. உறுமினாலோ, உதறினாலோ, பின்பக்கம் சுற்றினாலோ கம்பிகளின் வரிசை தப்பு. மூன்று தடித்த கம்பியையும் மூன்று ஹால் கம்பியையும் மொத்தம் 36 விதமாகச் சேர்க்கலாம். அதில் 3 முன்னே ஓடும், 3 பின்னே ஓடும். உறுமிக்கொண்டே சுற்றுகிறதே, போதும் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். தப்பான வரிசையில் சும்மா சுற்றும்போதே ஏகப்பட்ட ஆம்ப் இழுக்கும்.

எப்படி மாற்றியும் சரிவரவில்லை என்றால் மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு ஹால் கம்பிக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே தொட்டபடி சக்கரத்தை மெல்லக் கையால் சுற்றுங்கள். 0-க்கும் 5-க்கும் மாறி மாறித் தாவ வேண்டும். ஒரு நிறம் மட்டும் அசையாமல் நின்றால் அந்தச் சென்சாரோ அதன் கம்பியோ போய்விட்டது.

படி 8: முதல் ஓட்டம்

சமதளத்தில், பாதி த்ராட்டிலில், 2 கிலோமீட்டர் போதும். திரும்பி வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெளிக்கூடு வெதுவெதுப்பாக இருந்தாலே உள்ளே சுருள் நன்றாகச் சூடாகியிருக்கும், நடுவே காற்று இடைவெளி இருப்பதால் சூடு வெளியே வர நேரமாகும். மோட்டாருக்குள் வெப்பச் சென்சார் இருந்தால் 100 டிகிரி வந்ததும் பவரைக் குறைக்கும்படி கன்ட்ரோலரில் வைத்துவிடுங்கள். அதை மீறிப் போனால் கம்பியின் பூச்சும் காந்தமும் பாழாகும்.

20 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஸ்பேனரை எடுத்து நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டியது ஏறக்குறைய எல்லாமே ஒரு இழை தளர்ந்திருக்கும், ஸ்போக்குகளும் அப்படித்தான். முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து டார்க் ஆர்ம் வழியாக ஃபிரேம் வரை நெயில் பாலிஷால் நேராக ஒரு கோடு போட்டுவிடுவேன். தினமும் கிளம்பும்போது குனிந்து ஒரு பார்வை. கோடு உடைந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால் அன்றைக்கு வண்டி வெளியே போகாது.