நெத்திலியில் தொடங்கிய வாசிப்பு

காசிமேட்டுப் பக்கம் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பையன் 247 எழுத்தையும் வரிசையாக மளமளவென்று ஒப்பிப்பான். 'கெ' என்று தனியாக எழுதிக் காட்டினால் விழிப்பான். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது; குழந்தைக்கு அது குழப்பம்தான், சோம்பல் இல்லை.

சரி என்று வரிசையை நிறுத்தினேன். அவன் அம்மா மீன் விற்பவர். நெத்திலி, கெளுத்தி, வஞ்சிரம், சங்கரா என்று அவன் சொல்லச் சொல்ல அட்டையில் எழுதினேன். கொம்பைத் தனி அட்டையாக வெட்டி 'ந'வோடு சேர்த்துச் சொல்ல வைத்தேன்: ந், எ, நெ. இதற்கே இரண்டு வாரம் ஆனது. அப்புறம் மணலில் விரலால் எழுதினான். குறிகள் பிடிபட்டதும் மற்ற உயிர்மெய்கள் வேகமாக வந்தன.

போன வாரம் 'தண்டையார்பேட்டை' என்ற பலகையை எழுத்துக்கூட்டி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினானாம்.