சென்னையில் அரசு வழியாகச் சக்கர நாற்காலி வாங்குவது எப்படி?

அம்மாவைப் பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம், முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் வீல்சேர் கிடைக்குமா?" என்று நான் கேட்காத ஆளில்லை. கிடைக்காது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கை கொடுக்கும் அட்டை அது. வீட்டில் உட்கார நாற்காலி வேண்டுமென்றால் தட்ட வேண்டிய கதவு வேறு.

முதலில், எந்தக் கதவு?

நோயாளி சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ள தொழிலாளியா? அப்படியென்றால் இ.எஸ்.ஐ. மருத்துவரிடமே கேளுங்கள். செயற்கைக் கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் அங்கே மருத்துவ உதவியில் சேர்த்தி. கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன.

மற்றவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. இன்னொன்று, 1981 முதல் நடக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டம். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் முழு விலையும், 30,000 வரை என்றால் பாதி விலையும் இதில் அரசுடையது. முகாம்களிலும், முட்டுக்காட்டில் ஈ.சி.ஆர். ஓரமாக இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் கொடுக்கிறார்கள். 60 வயது தாண்டியவர், மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் என்றால், முதியோருக்கான வயோஸ்ரீ திட்டத்தையும் விசாரியுங்கள்.

அடுத்து, யு.டி.ஐ.டி. அட்டை

மாற்றுத்திறனாளிக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டை இது. நலத்துறையோ ஏ.டி.ஐ.பி.யோ, எங்கே போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது கைநாட்டு போட்டு விண்ணப்பிக்க வேண்டும். தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள். அப்புறம் அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் நேரில் பார்த்து ஊனத்தின் சதவீதத்தைக் குறிப்பார்கள். 40 சதவீதத்துக்குக் குறைந்தால் வெள்ளை அட்டை, 40 முதல் மஞ்சள், 80 முதல் நீலம். ஏ.டி.ஐ.பி.க்குக் குறைந்தது 40 வேண்டும். உடம்பு இன்னும் தேற வாய்ப்பு இருந்தால் தற்காலிகச் சான்றிதழ் தருவார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவர் "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டதும் அம்மா மரியாதைக்கு "பரவாயில்லை டாக்டர், எல்லாம் செய்துக்கறேன்" என்றார். வராத கையைத் தூக்கிக் காட்டவும் முயன்றார். நான் குறுக்கிட்டு, பாத்ரூமுக்கு இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது, புடவையைத் தானாகக் கட்ட முடியாது என்று சொன்ன பிறகுதான் உண்மை நிலை பதிவானது. கூட்டிப் போகிறவர்தான் இதைப் பேச வேண்டும். என்னென்ன முடியவில்லை என்று முந்தின இரவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் தருவது. இ-சேவை மையத்திலேயே அதற்கும் விண்ணப்பித்துவிடலாம்.

மனு கொடுப்பது

மனுவில் "சக்கர நாற்காலி" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தசைச்சிதைவு நோய், தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநிலத்தில் பேட்டரி நாற்காலித் திட்டம் இருக்கிறது. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குத் தலையையும் முதுகையும் தாங்கும் சிறப்பு நாற்காலி இருக்கிறது. நோயின் பெயரையும் எந்த வகை வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்கலாம். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

நாற்காலி வருவதற்கு முன் அளவு எடுங்கள்

இதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அவசரத்துக்கு நாங்கள் ஒரு கடையில் வாங்கிய முதல் நாற்காலி எங்கள் பாத்ரூம் கதவில் நுழையவே இல்லை. நிலைக்கட்டையின் இரண்டு பக்கமும் டயர் கறுப்பு அப்பியிருக்கிறது. கடையிலாவது மாற்றித் தரச் சொல்லி மல்லுக்கட்டலாம். ஏ.டி.ஐ.பி.யில் ஒரு முறை வாங்கினால், பெரியவர்களுக்கு அடுத்த 3 ஆண்டுக்கு அதே உபகரணம் மறுபடி கிடைக்காது.

தையல் டேப் போதும். நோயாளியைப் பலகை பெஞ்சில் உட்கார வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நோட்டுப் புத்தகத்தை நிமிர்த்திச் சாத்துங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தோடு ஒன்றிரண்டு அங்குலம் கூட்டினால் அதுதான் இருக்கையின் அகலம். நாற்காலியின் மொத்த அகலம் அதைவிட ஏழெட்டு அங்குலம் அதிகம் வரும். 18 அங்குல இருக்கை என்றால் வாசலில் 26 அங்குலத்துக்கு மேல் இடம் வேண்டும். கதவைத் திறந்து வைத்து, உள்ளே உண்மையில் கிடைக்கும் இடைவெளியை அளங்கள்.

வாங்கும் அன்று

கையெழுத்துப் போடுமுன் நோயாளியை அதில் உட்கார வையுங்கள். இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. பாதம் இரண்டும் மிதிபலகையில் முழுதாகப் படிகிறதா, முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

நல்ல மெத்தை ஒன்றைத் தனியாக வாங்கிப் போடுங்கள். வெறும் ரெக்சின் இருக்கையில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் படுக்கைப்புண் வந்துவிடும். அரை மணிக்கொரு தடவை அம்மாவைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, பின்பக்கம் பாரம் இல்லாமல் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்கிறோம்.